முகம் தெரியச் செத்தவர்

"என்னைக் கொல்லச் சொல்லு மகளே," என்றார் மோஹா.

அந்தப் பேச்சு தலீலாவுக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. வர்ஸாஸாத் ஊருக்கு வெளியே, படப்பிடிப்புக்காக மரச்சட்டமும் சாந்தும் வைத்துக் கட்டிய ரோமாபுரிக்குப் பின்னால், துணை நடிகர்களின் கூடாரம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ரோமானிய வீரர்கள் நெஞ்சுக் கவசத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வெளிநாட்டுப் படக்குழு சொல்வதை ஊர்க்காரர்களுக்கும், ஊர்க்காரர்கள் சொல்வதைப் படக்குழுவுக்கும் மொழிபெயர்ப்பது தலீலாவின் வேலை. அன்றைய சண்டையில் யாரெல்லாம் சாகச் சம்மதம் என்று கேட்கத்தான் அவள் உள்ளே வந்திருந்தாள்.

"நீங்களா? நீங்க மூணாவது வரிசையை விட்டு நகரமாட்டீங்களே மாமா."

"இன்னைக்கு நகர்றேன். தலைக்கவசம் வேணாம்னு சொல்லு. குப்புற விழமாட்டேன், மல்லாக்கதான் விழுவேன். கேமரா என் மூஞ்சிக்கு நேரா வரணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூஜ்மா சிரித்தார். மோஹாவும் அவரும் ஒரே நாளில் இந்த வேலைக்கு வந்தவர்கள். "இந்த மூஞ்சியைக் கிட்டத்துல காட்டினா எதிரிப்படை சண்டையே போடாம ஓடிடும். அப்புறம் கதை எப்படி நகரும்?"

"நீ ரொட்டியைத் தின்னு."

"சும்மா சொல்லலடா. முகம் தெரியச் செத்துட்டா இந்தத் தொடர்ல மறுபடி கூப்பிடமாட்டான். மிச்ச மாசமெல்லாம் என்ன பண்ணுவ? வீட்ல உக்காந்து தூதாவுக்கு மாவு பிசைஞ்சு குடுப்பியா?"

"பிசையறேன்."

தலீலா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மகனுக்காகவா மாமா? யிதிருக்காகவா?"

மோஹா குனிந்து செருப்பு வாரை இறுக்கினார். "அவன் எந்த ஊர்ல இருந்தாலும் இந்தத் தொடரைப் பாக்காம இருக்கமாட்டான். என் முகத்தைப் பாத்தான்னா மனசு கேக்காது. அவங்கம்மாவுக்கு ஒரு ஃபோன் போடுவான்."

தலீலா எழுந்து உதவி இயக்குநரைத் தேடிப் போனாள்.

மோஹா இளவட்டமாக மலையிலிருந்து இறங்கி வந்தபோது இந்த ஊரில் சாந்து சுமக்கிற வேலைதான் கிடைத்தது. படப்பிடிப்புக் கோயிலின் தூண்களுக்குச் சாந்து சுமந்தவரை ஒருநாள் ஆள் குறைகிறதென்று இழுத்துப்போய் அடிமையாக நிறுத்தினார்கள். அன்றிலிருந்து பாரசீகனானார், எகிப்தியனானார், கல் உடைத்தார், கப்பலில் துடுப்பு வலித்தார், கடைசியில் ரோமானியப் படையில் சேர்ந்தார். வந்த புதிதில் கூட நடித்த ஒருவனுக்குத் தலை வெட்டுப்படுவதைக் கிட்டத்தில் காட்டினார்கள். அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அந்தத் தொடர் முடியும்வரை வேலையில்லாமல் வீட்டில் கிடந்தான். அதைப் பார்த்த மோஹா கேடயத்தை மூக்குவரை தூக்கிப் பிடிக்கப் பழகிக்கொண்டார். முகம் தெரியாதவன் காலையில் செத்து மத்தியானம் வேறு படையில் நிற்கலாம். அந்தக் கூலியில் தாபூன்த் பகுதியில் இரண்டு அறை கட்டினார், தூதாவைக் கல்யாணம் செய்துகொண்டார், ஒரே மகனைப் படிக்க வைத்தார்.

யிதிர் சின்ன வயதிலிருந்தே அப்பாவைப் படங்களில் தேடியவன். ஓடுகிற படத்தை நிறுத்தி, திரையில் விரலை வைத்து, "அப்பா, இந்த முழங்கை உங்களுதா?" என்று கேட்பான். வளர்ந்த பிறகும் விடவில்லை. "உலகத்துலயே அதிகம் பேர் பாத்த முதுகு எங்கப்பாவோடது," என்று சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பான். இந்த ரோமானியத் தொடரின் முதல் பாகம் வந்தபோது அத்தனை பகுதிகளையும் உட்கார்ந்து தேடினான். ஒரு காதும் பாதித் தாடையும் கிடைத்தன.

படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. தக்லா பக்கம் மீன் ஏற்றும் வேலை என்று சொல்லிவிட்டுத் தெற்கே போனான். அங்கிருந்து ஸ்பெயின்காரர்களின் தீவுக்குப் படகு ஏறுமுன் அம்மாவைக் கூப்பிட்டான். "கடல் குளம் மாதிரி கெடக்கும்மா, பயப்படாத," என்றான். அதற்கப்புறம் அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. படகில் போன மற்றவர்களின் வீடுகளுக்கும் ஒன்றும் இல்லை.

முகத்தைக் காட்டச் சொன்னதே தூதாதான். "இத்தனை வருஷம் ஒளிச்சு வச்சது போதும். என் பிள்ளைக்காக ஒருதடவை காட்டு," என்றாள். மோஹா அதற்கப்புறமும் இரண்டு நாள் கேடயத்துக்குப் பின்னாலேயே நின்றார். பிறகுதான் கூடாரத்தில் தலீலாவிடம் அப்படிக் கேட்டார்.

உதவி இயக்குநர் தயங்கினாள். இனி வரும் பகுதிகளில் இவருக்கு வேலை இருக்காதென்பது இவருக்குப் புரிகிறதா என்று இரண்டுமுறை கேட்கச் சொன்னாள். இரண்டுமுறையும் அவர் தலையாட்டினார்.

சேற்றில் படுக்க வைத்துக் கழுத்தில் ரத்தமாகச் சிவப்புச் சர்க்கரைப்பாகை ஊற்றினார்கள். கண்ணைத் திறந்தபடி சாக வேண்டும் என்றார் இயக்குநர். கேமரா மெதுவாகக் கீழே இறங்கி அவர் முகத்துக்கு மேல் நின்றது. பாகின் இனிப்புக்கு ஈ வந்தது. ஒன்று உதட்டில் உட்கார்ந்து, மூக்கோரம் ஏறி, இமைக்குக் கீழே நின்றது. மோஹா அசையவில்லை. காட்சி முடிந்தது என்று தலீலா சொன்ன பிறகும் அப்படியேதான் கிடந்தார். பூஜ்மா வந்து கை கொடுத்தார். "எந்திரிடா. செத்தது போதும்."

தொடர் வெளிவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை மோஹா சந்தையில் மூட்டை இறக்கினார். வெளிவந்த அன்று தலீலா தன் கணினியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஈட்டி பாயும்போது தூதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மறுபடி போடச் சொன்னாள். திரை முழுக்க மோஹாவின் முகம், திறந்த கண்கள், இமைக்குக் கீழே அந்த ஈ.

"நல்லாத் தெரியுது," என்றாள் தூதா. "அவனுக்கு அடையாளம் தெரியாமப் போகாது." ஃபோனை மின்சாரத்தில் சொருகி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

மறுநாள் பூஜ்மா ஒரு விளையாட்டு செய்தார். இந்த ஊரில் துக்கம் கேட்கக் கொண்டுபோகிற, நீலத்தாள் சுற்றிய கூம்புச் சர்க்கரை ஒன்றை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, சாவு வீட்டுக்குப் போகிறவர் போலவே நடந்து வந்து கதவைத் தட்டினார். ரோமாபுரிக்காக உயிர் விட்ட சிநேகிதனுக்குத் துக்கம் கேட்பதாக அவர் நினைப்பு. கதவைத் திறந்தது தூதா. சர்க்கரையைப் பார்த்தாள், குனிந்த தலையைப் பார்த்தாள். "எந்தக் கரையில கெடச்சான்?" என்று கேட்டாள். அப்படியே நிலைப்படியில் மடங்கி உட்கார்ந்தாள்.

"ஐயோ, இல்ல தங்கச்சி, விளையாட்டுக்கு... இவனுக்காக," என்று பூஜ்மா உளறினார். மோஹா வந்து அவர் கையிலிருந்த சர்க்கரையை வாங்கி, தெருவில் கொண்டுபோய் வைத்தார். பூஜ்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அது விளையாட்டென்று தூதாவுக்கு விளங்கியது. ஆனால் அதற்குப் பிறகு அவள் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. ஃபோன் ஒலிக்கும், கூப்பிடுவது யாராவது உறவினராக இருக்கும், தொடரில் பார்த்தோம் என்பார்கள். அவள் உடனே வைத்துவிடுவாள். வாரங்கள் போயின. "பாத்திருப்பான். பாத்துட்டும் கூப்பிடலைன்னா, கூப்பிட முடியாத எடத்துலதான இருக்கான்," என்று ஒருநாள் மோஹாவிடம் சொன்னாள். அன்று முதல் வெள்ளைத் துணியை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். இந்த ஊரில் துக்கத்துக்கு உடுத்துவது வெள்ளை.

மோஹா தலீலாவின் வீட்டுக்கு வந்தது அப்போதுதான். உள்ளே வரவில்லை. தேநீரும் வேண்டாம் என்றார்.

"அவ உன்னை நம்புவா மகளே. படம் எடுக்கிற ஜனங்களோட பாஷை தெரிஞ்ச பொண்ணு நீ."

"என்ன சொல்லணும் மாமா?"

"ஸ்பெயின்ல அந்தத் தொடர் இன்னும் வரலைன்னு சொல்லு."

தலீலா அவரைப் பார்த்தாள். "எல்லா நாட்டுலயும் ஒரே நாள்லதான் வந்துச்சு மாமா."

"எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது." கதவுச் சட்டத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அவங்க பாஷையில குரல் குடுத்து முடிக்க நாளாகும்னு சொல்லு. அடுத்த வருஷம்தான் வரும்னு சொல்லு. நானும் பக்கத்துல இருக்கமாட்டேன், என் மூஞ்சியைப் பாத்தா கண்டுபிடிச்சுடுவா. நீ தனியாப் போயி சொல்லிட்டு வா, மகளே."