போகுமுன் அணைக்கவும்

சாம்பல்தீவில் நான் படிப்பித்த பாடசாலையில் அவரை எல்லோரும் ‘அன்ரி’ என்றுதான் கூப்பிடுவோம். வகுப்புகளைக் கூட்டித் துடைப்பது அவருடைய வேலை. மெலிந்த உடம்பு, வெளிறிப்போன சேலை. பாடசாலை விட்டதும் வகுப்பு வகுப்பாகப் போய் விளக்குகளையும் மின்விசிறிகளையும் நிறுத்துவார். ஒருநாளும் ஒன்றைக்கூட மறந்ததில்லை.

மின்சாரத்தை வீணாக்காமல் இருக்கப் பிள்ளைகளையும் பழக்கலாமென்று, சுவிச்சுகளுக்குப் பக்கத்தில் ‘போகுமுன் அணைக்கவும்’ என்று எழுதி ஒட்டினேன்.

முதலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். எங்கள் பேச்சில் விளக்கை நூர்ப்போம், பிள்ளையைத்தான் அணைப்போம். அவள் சற்று யோசித்தாள். பிறகு, பக்கத்தில் நின்ற அன்ரியின் இடுப்பைக் கட்டிப்பிடித்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போனாள்.

நான் சிரித்தேன். அவர் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

“ரீச்சர், அந்தச் சொல்லை மாத்திப்போடுங்கோ.”

“ஏன் அன்ரி? பிள்ளை தெரியாமல்தானே செய்தது.”

“ஓம். என்ர பிள்ளையும் உந்த உயரத்திலதான் செத்துப்போனது. எனக்குத் தாங்க ஏலாது.”

அன்றே ‘நூர்க்கவும்’ என்று மாற்றி எழுதினேன்.

மறுநாள் புதிய சொல்லைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் மணி அடித்ததும் முதலாம் வகுப்புக்குப் போய், அதே சுவிச்சருகே நின்றார். பிள்ளைகள் எல்லோரும் அவரைக் கடந்து போய்விட்டார்கள். அவர் அசையவில்லை. வெறும் வகுப்பில் விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது. நானும் போய் நூர்க்கவில்லை.