ஒரு டொக்டர் விண்ணப்பத்தோடு கண்டிக்குப் போய்வந்தோம்

1932 ஐப்பசியில் நாங்கள் மூன்று பேர் நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குப் போய்வந்தோம். ஊர் பார்க்க அல்ல. என் அண்ணரின் மகள் மங்கை லண்டன் மற்றிக்குலேசன் பாஸாகிவிட்டு, டொக்டர் படிப்புக்கு விண்ணப்பம் போடவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். விண்ணப்பத்தோடு அரசாங்க டொக்டர் ஒருவரின் உடல்நலச் சான்று போகவேண்டும். தகப்பனின் கையெழுத்தும் வேண்டும். அந்தக் கையெழுத்து அண்ணரின் சட்டைப்பைப் பேனைக்குள் இருந்தது, வெளியே வருவதாக இல்லை. அந்தக் கிழமைக்குள் விண்ணப்பம் கொழும்புக்குப் போகாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. அந்த ஒரு வருஷத்துக்குள் கலியாணம் பேசி முடித்துவிடுவார்கள் என்பது மங்கைக்கு நன்றாகத் தெரியும்.

எங்களுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். அண்ணர் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர். நான் நாவலப்பிட்டி ரயில் நிலையத்தில் சாமான் கணக்குப் பார்ப்பவன். எனக்கு ரயில் பாஸ் இருக்கிறது, ஆகையால் டிக்கெட் விலையை என்னிடம் கேட்கவேண்டாம்.

எங்கே படிப்பது என்பதில் வீட்டில் பெரிய சண்டையெல்லாம் நடக்கவில்லை. சென்னை என்றால் தலைமன்னாருக்கு ரயில், பிறகு கப்பல், பிறகு மறுபடியும் ரயில். லீவுக்கு வந்து திரும்பவே பாதி லீவு போய்விடும். அப்போதிக்கரி படிப்பு சுருக்கமானது, ஆனால் காலம் முழுக்க இன்னொரு டொக்டருக்குக் கீழே மருந்து கலக்கவேண்டும். அது வேண்டாம் என்று மங்கை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். மிச்சம் கொழும்பு. அங்கே முதல் வருஷத்தில் பௌதிகம், இரசாயனம் எல்லாம் படிப்பிக்கிறார்கள். பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களில் அவற்றைக் கண்ணிலும் காட்டாததால், உங்கள் பிள்ளைக்கு அந்த முதல் வருஷம் கஷ்டமாக இருக்கும் என்பதை இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.

அண்ணரை மறித்தது படிப்பு அல்ல, ஒரு சொல். பெண் வைத்தியருக்குத் தமிழில் என்ன பெயர்? எங்கள் ஊரில் மருத்துவிச்சி என்றால் பிள்ளைப்பேறு பார்க்கிற பெண். "பெரிய கிளாக்கற்றை மகள் மருத்துவிச்சியாம் எண்டு ஊர் சிரிக்கும்" என்று அண்ணர் மூன்று மாதமாக இதையே அரைத்துக்கொண்டிருந்தார்.

நாவலப்பிட்டியிலும் அரசாங்க டொக்டர் உண்டு. ஆனால் அவர் ஆம்பிளை. "குமர்ப்பிள்ளையை ஒரு ஆம்பிளை சோதிக்கிறதோ? பெண் டொக்டர் இருந்தால் காட்டுவம்" என்றார் அண்ணர். தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழாத மனிதர் அவர். கண்டியில் அரசாங்க டொக்டரம்மா ஒருவர் இருந்தார். மங்கை என்னைப் பார்த்தாள், நான் ரயில் நேர அட்டவணையைப் பார்த்தேன்.

காலை ஏழரைக்கு ரயில். கண்டி இருபது மைலுக்குச் சற்றுக் கூட. ஆனால் பேராதனைச் சந்தியில் இறங்கி வேறு ரயில் ஏறவேண்டும். புதியவர்கள் அசையாமல் இருந்து கொழும்புப் பக்கம் போய்விடுவதை நான் கண்டிருக்கிறேன். கம்பளை வரைக்கும் பனி, பிறகு வெயில். மகாவலி கலங்கிப் பாய்ந்தது. அண்ணர் ஒன்றையும் பார்க்கவில்லை, விண்ணப்பக் கடுதாசியை மடியில் வைத்து மூடிய பேனையால் தட்டிக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. நடந்த கூத்துக்கு அவர்கள் பொறுப்பும் அல்ல. வாசலில் நின்ற பியோன் தோட்டப் பக்கத்துத் தமிழர். அண்ணர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சுத்தமான தமிழ்ச் சொல்லைத் தேடி எடுத்து, "பிள்ளை மருத்துவம் படிக்கப் போறா. டொக்டரம்மாவிட்டைச் சான்றுத் துண்டு எடுக்க வந்தனாங்கள்" என்றார்.

"மருத்துவச்சி வேலைக்குங்களா? அந்த வாங்குல உக்காரச் சொல்லுங்க. பேர் கூப்பிடுவாங்க."

டொக்டர் வேலையைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று எண்ணி அண்ணர் பொறுத்துக்கொண்டார். ஆண்கள் தாழ்வாரத்தில் நிற்கவேண்டியதாயிற்று. மங்கை போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாங்குப் பலகையில் ஏழெட்டுப் பெண்கள், தமிழும் சிங்களமுமாக ஒரே சிரிப்பு. ஒருமணி நேரத்துக்கு மேலான பிறகுதான் அது மருத்துவிச்சி வேலை பழக வந்தவர்களின் வரிசை என்று எங்களுக்கு விளங்கியது. அண்ணரின் முகம் கறுத்துப்போய்விட்டது. நேரே வாங்குக்குப் போனார்.

"எழும்பு. போவம்."

"இருங்கோ ஐயா," என்றாள் மங்கை. "டொக்டரம்மா இஞ்சைதான் வருவா எண்டு இவை சொல்லுகினம்."

"ஆரோடை இருக்கிறாய் எண்டு தெரியுதே?"

"தெரியும். நான் எழும்பமாட்டன்."

அவள் அண்ணரை எதிர்த்துப் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம், வெளியே காட்டவில்லை. அண்ணர் அவள் கையைப் பிடிக்கப் போன நேரம் அறைக் கதவு திறந்தது. உயரமான வெள்ளைக்காரப் பெண், சட்டைக் கைகளை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டிருந்தார். ஆம்பிளைகள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்பதுபோல் எங்களைப் பார்த்தார். அண்ணர் சட்டென்று குரலைத் தாழ்த்தி, இங்கிலிசில், தான் பெண் டொக்டரைப் பார்க்க வந்ததாகச் சொன்னார்.

அந்த அம்மா அவருக்கு மரியாதையாகத் தமிழிலேயே மறுமொழி சொன்னார். நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ்.

"நான்தான். இங்கே நான் பெரிய மருத்துவச்சி."

வாங்கிலிருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. நெஞ்சில் கை வைத்து, அவ்வளவு பெருமையோடு சொன்னார். அண்ணர் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மங்கை உள்ளே போய் அரைமணி நேரத்தில் சான்றோடு வந்தாள். பல், கண், நெஞ்சு எல்லாம் சுகம்.

மத்தியானம் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு கடையில் சோறு சாப்பிட்டோம். மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசியில் போகிறவர்கள் குடை கொண்டு போகவேண்டும், நாங்கள் கொண்டு போகவில்லை. சாப்பிடும்போதே அண்ணர் சான்றை எடுத்து இரண்டு தரம் வாசித்தார். கையெழுத்தைப் பற்றிக் கேட்க மங்கை வாயெடுத்தாள். பொறு என்று நான் கண்ணால் காட்டினேன்.

பேராதனைச் சந்தியில் நாவலப்பிட்டி ரயிலுக்கு மாறியபோது, காசிம் நானாவும் மனைவியும் எங்கள் பெட்டியிலேயே ஏறினார்கள். நாவலப்பிட்டியில் புடவைக்கடை வைத்திருப்பவர், எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். மனைவியைக் கண்டிக்குக் கூட்டிப்போய் டொக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வருகிறாராம். மனைவி மூச்சு வாங்க மங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், மாதம் நிறைந்தவர்.

"மகள கூட்டிக்கிட்டு எங்க போயிட்டு வாறீங்க, கிளாக்கரையா?" என்றார் காசிம் நானா.

"படிப்பு விசயமாய்."

"என்ன படிப்பு?"

அண்ணர் சன்னல் பக்கம் திரும்பினார். மங்கைதான் சொன்னாள், வைத்தியம் படிக்க என்று.

"மருத்துவிச்சிக்கா?"

போச்சடா என்று நினைத்தேன். மங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணர் மெல்லத் திரும்பினார்.

"ஓம்," என்றார். "பெரிய மருத்துவிச்சி."

"எத்தனை வருசம் புள்ள?" என்று காசிம் நானாவின் மனைவி மங்கையைக் கேட்டார்.

"ஆறு வருசம் செல்லும்."

"அல்லாவே, ஆறா! அதுக்குள்ள எனக்கு இன்னும் மூணு பொறந்துருமே. வெரசா படிச்சிட்டு வா புள்ள. ஒவ்வொரு தடவையும் இந்த ரயில்ல குலுங்கிக்கிட்டு வர என்னால ஏலாது."

மங்கை சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அவள் சிரித்ததை அப்போதுதான் கண்டேன். அண்ணர் விண்ணப்பத்தை முழங்காலில் விரித்துப் பேனை மூடியைக் கழற்றினார். "வீட்டை போய்ப் போடலாமே" என்றேன். "சும்மா இரடா" என்றார்.

இனி, உங்கள் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்களுக்கு. காலை ரயிலையே பிடியுங்கள், பேராதனையில் மறக்காமல் இறங்குங்கள், குடை கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி வாசலில் எந்தச் சொல்லைச் சொன்னாலும், பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்து பிள்ளையை எழுப்பவேண்டாம். விண்ணப்பத்தில் கையெழுத்தை மட்டும் வீட்டு மேசையில் வைத்துப் போடுங்கள். கம்பளைக்கு இப்பாலுள்ள வளைவில் ரயில் குலுங்க, அண்ணரின் பெயரில் கடைசி எழுத்து கடுதாசியின் ஓரம் வரைக்கும் இழுபட்டுப் போய்விட்டது. கொழும்பில் அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மங்கை அங்கே படிக்கப் போய் இன்றோடு ஒரு மாதம்.