போட்டோவிலிருந்த ரைபிள்

என் மாமனார் ரைபிளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அத்தை அடுப்பைத் தணித்துவிடுவார். இனி ஒரு மணி நேரத்துக்கு யாரும் சாப்பிட வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் நான் கல்யாணமாகிப் போன வீடு அது. மற்ற வீடுகளில் மழையைப் பற்றிப் பேசுவார்கள், பருத்தி விலையைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் வீட்டில் பழைய ரைபிள் உசத்தியா, புது ரைபிள் உசத்தியா என்று பேசினார்கள்.

நான் கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள். எந்தச் சாமானையும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். கட்டிக்கொடுத்ததோ இடைசெவல் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில், பட்டாளத்து வீட்டில். மாமனார் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரர் அப்போது வடக்கே எல்லையில் சிப்பாய். வருசத்தில் இரண்டு மாதம் எனக்கு, மீதி மாதமெல்லாம் ரைபிளுக்கு. அப்படியிருக்க, அந்த ரைபிள் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள நான் ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

ஞாயிற்றுக்கிழமைதோறும் கோவில்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் வருவார். அவரும் பட்டாளத்துக்காரர், மாமனாருக்கு மூத்தவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு பேங்க் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவலுக்கு நின்றார். அவர் காலத்து ரைபிள் த்ரீ நாட் த்ரீ. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துவிட வேண்டும்.

"அதனாலதான் நாங்க குறி பாத்துச் சுட்டோம்," என்பார். "இப்பப் பயலுவ தண்ணி தெளிக்கிற மாதிரிலா சுடுதானுவ."

"நீங்க போல்ட்டை இழுத்து முடிக்கதுக்குள்ள எதிராளி காப்பி குடிச்சிட்டு வந்துருவான் அண்ணாச்சி," என்பார் மாமனார். அவருடையது எஸ்.எல்.ஆர். எழுபத்தொன்றில் சண்டைக்குக் கொண்டுபோனது. நீளமான ரைபிள், தோளில் அணைக்கிற மரக்கட்டை, பெரிய குண்டு. அடிபட்டவன் திரும்ப எழுந்திருக்க மாட்டான் என்பதை அவர் ஒரு சாப்பாட்டு ருசியைச் சொல்வதுபோலச் சொல்வார்.

இருவருக்கும் ஒத்துப்போகிற விசயம் ஒன்றே ஒன்றுதான். புதிதாக வந்திருக்கும் இன்சாஸ் ரைபிள் உருப்படாது. குண்டு சின்னது, கட்டை பிளாஸ்டிக், குண்டு அடைக்கிற மேகசீனும் பிளாஸ்டிக். அந்த மேகசீனுக்கு மாமனார் வைத்த பெயர் சோப்பு டப்பா. என் வீட்டுக்காரர் கையில் கொடுத்திருந்தது அந்த ரைபிளைத்தான்.

கல்யாணமாகி அவர் முதல் லீவில் வந்தபோது ராத்திரிச் சாப்பாட்டில் சண்டை பிடித்துக்கொண்டது. நான் பரிமாறுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன்.

"ஏலே, அந்தச் சோப்பு டப்பாவை வச்சிக்கிட்டு எவனைச் சுடப் போறே?" என்றார் மாமனார்.

"மலை ஏறும்போது சட்டைப் பொத்தான்கூடக் கனமாத் தெரியும்ப்பா. உங்க குண்டு ஒண்ணோட எடையில எங்க குண்டு ரெண்டு வரும். நீங்க நூறு கொண்டுபோன எடத்துக்கு நான் எறநூறு கொண்டுபோவேன்."

"கொண்டுபோயி எறநூறு குருவி சுடு."

பிறகு மாமனார் செம்புத் தண்ணீரில் விரலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் படம் போட்டார். பழைய ரைபிளையே புதுசாக்கியிருக்கலாமாம். மரக்கட்டையைக் கழற்றிவிட்டு லேசான கட்டை போடு, குழாயின் நீளத்தைக் கொஞ்சம் குறை, மேலே தூரத்தைப் பார்க்கிற கண்ணாடி ஒன்றை மாட்டு. குண்டை மட்டும் தொடாதே. இது அவர் பல வருசமாக மனதுக்குள் செய்து வைத்திருந்த துப்பாக்கி என்பது அவர் விரல் போன வேகத்திலேயே தெரிந்தது.

"உதை இருக்கேப்பா," என்றார் வீட்டுக்காரர். "சுட்டா பின்னால உதைக்கும்லா. ரைபிளோட கனம்தான் அந்த உதையை வாங்கிக்கிடுது. பெரிய குண்டையும் வச்சிக்கிட்டுக் கனத்தையும் கொறைச்சீங்கன்னா தோள்பட்டை கழண்டு கையில வந்துரும்."

தரையில் அவர் போட்ட படம் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கானால் உள்ளுக்குள் ஒரே சந்தோசம். எடை என்றால் தராசில் நிற்கிற ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது உதையையும் வாங்கிக்கொள்ளும் என்பது எனக்குப் புதுச் செய்தி. ரசம் ஊற்றியபடியே நானும் கேட்டேன்.

"அப்ப எதுக்குத்தான் சின்னக் குண்டு? செத்துப்போகணும்னுதானே சுடுதீங்க?"

வீட்டுக்காரர் உற்சாகமாகவே சொன்னார். "எங்களுக்குள்ள ஒரு கணக்குச் சொல்லுவோம். ஒருத்தன் செத்தா அவிய பக்கம் ஒரு ஆள் கொறையும். அடிபட்டுக் கெடந்தா அவனைத் தூக்கிட்டுப் போக ரெண்டு பேர் வேணும். மூணு ஆள் கொறையும்லா."

கடைக்காரர் மகளுக்குக் கணக்கு உடனே பிடிபட்டது. பிடிபட்டதும் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. "எதுத்தாப்ல இருக்கவிய கையில என்ன துப்பாக்கி?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை அந்த வீட்டில் நடந்த எத்தனையோ பேச்சில் குண்டு ஒரு திசையில்தான் போயிருந்தது. எதிரே நிற்கிறவனும் இதே கணக்கைப் படித்திருப்பான், அந்தக் கணக்கில் அடிபட்டுக் கிடக்கிறவர் என் வீட்டுக்காரராக இருக்கலாம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"தட்டைப் பாத்துச் சாப்பிடுலே," என்றார் மாமனார் மகனிடம். வீட்டுக்காரர் தட்டில் சாப்பிட ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டுக்காரர் லீவு முடிந்து போன பிறகும் எனக்கு அந்த எடை விசயம் அடங்கவில்லை. அப்பா கடைக்குப் போயிருந்தபோது ஐந்து கிலோ உளுந்தை ஒரு பையிலும் நாலு கிலோவை இன்னொரு பையிலும் நிறுத்து வாங்கினேன். குண்டோடு சேர்த்தால் பழையதும் புதியதும் ஏறத்தாழ அப்படி வரும் என்று அவர்கள் பேச்சிலிருந்து நானே போட்ட கணக்கு. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கைக்கொரு பையாக ஊருக்குள் நடந்தேன். முதலில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஓடையைத் தாண்டியதும் ஐந்து கிலோ கை அழ ஆரம்பித்தது. வீட்டுக்காரர் சொன்னது சரிதான் என்று முடிவு கட்டினேன். ஆனால் வீடு வருவதற்குள் நாலு கிலோ கையும் வலிக்கத்தான் செய்தது.

"நம்ம காட்டுலயே உளுந்து வெளையுது. இது எதுக்கு தாயி?" என்றார் மாமனார்.

"எடை பாக்கதுக்கு மாமா."

அவர் இரண்டு பையையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நாலு கிலோ பையைக் கொஞ்ச நேரம் தோள்மேல் வைத்திருந்துவிட்டு இறக்கி வைத்தார். அத்தை ஒரு வாரத்துக்கு வடை சுட்டார்.

பொங்கல் சமயத்தில் ஒரு போட்டோ வந்தது. வீட்டுக்காரர் குளிருக்கான உடுப்பில், ரைபிளை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்தபடி நிற்கிறார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தை அவர் இளைத்துவிட்டதைப் பார்த்தார். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரைபிளைப் பார்த்தார். இடது கை இவ்வளவு முன்னால் போயிருக்கக் கூடாது, கட்டை கறுப்பாக இருந்தால் சுத்தம் செய்ததா இல்லையா என்று எப்படித் தெரியும், சோப்பு டப்பா வழியாக வெளிச்சமே தெரிகிறது என்று அரை நாள் குறை சொன்னார். நல்லாத் திட்டட்டும் என்றிருந்தது எனக்கு. அவர் திட்டும்போது வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

அந்தக் கோடையில் கார்கில் சண்டை வந்தது. அவருடைய பட்டாளமும் மேலே போய்விட்டது என்று ஒரு கடிதம் சொன்னது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை. டிவியில் மலையைக் காட்டுவார்கள், புகையைக் காட்டுவார்கள், பெட்டிகள் வந்து இறங்குவதைக் காட்டுவார்கள். அத்தை பெட்டியைக் காட்டும்போது எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். மாட்டுக்கு அவ்வளவு தாகம் இருந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேங்க் பெரியவர் வந்தார். பஸ் ஸ்டாண்டில் லீவில் வந்த பையன் ஒருவனைப் பார்த்தாராம். "பனியில அந்தப் பிளாஸ்டிக் மேகசீன் கீறல் விட்டுருதாம். நீ சொன்னது மாதிரியேதான்," என்றார். மாமனார் சந்தோசப்படுவார் என்று நினைத்துத்தான் சொன்னார் பாவம்.

மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எவன் சொன்னான்? கண்ட பயலும் பஸ் ஸ்டாண்டுல நின்னு சொல்லுததை இங்கன வந்து சொல்லுதீயளே. அது நல்ல ரைபிள் அண்ணாச்சி. லேசு. கைக்கு அடக்கம். மலைக்குன்னே செஞ்சது."

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆமா, நல்ல ரைபிள்தான்," என்றார்.

மாமனார் அதைத் திட்டிக்கொண்டிருந்தவரை எனக்குப் பயமில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்தேன்.

சண்டை ஓய்ந்தது. கடிதமும் வந்தது. நல்லா இருக்கேன், லீவு இல்லை, இன்னும் மேலேதான் இருக்கிறோம், குளிர் ஆரம்பித்துவிட்டது என்று நாலு வரி. குளிர் என்ற சொல்லைத் தவிர வேறு எதையும் நான் படிக்கவில்லை. மாமனாரும் அப்படித்தான் படித்திருப்பார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அது விதைப்புச் சமயம். சுவரோரமாகக் கலப்பைக் கொழு, மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர், என் தையல் மிஷின் எல்லாவற்றையும் கழுவி வைத்திருந்தோம். அத்தை பொரிகடலையை எடுத்து வர உள்ளே போனார். நான் வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமனார் அலமாரியிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்துவந்து அரிவாளுக்கும் ஸ்ப்ரேயருக்கும் நடுவில் சாய்த்து வைத்தார். மருந்து வைக்காத தீக்குச்சி ஒன்றைச் சந்தனத்தில் தொட்டு, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரைபிளின் கட்டைமேல் ஒரு புள்ளி வைத்தார்.

அத்தை வெளியே வந்து பார்த்தார். அவர் கையிலிருந்த தாம்பாளம் அப்படியே நழுவிவிட்டது, பொரி வீடெல்லாம் ஓடியது.

"என்ன காரியம் செஞ்சிய? உசுரோட இருக்க பிள்ளை போட்டோவுக்குப் பொட்டு வைக்கியளே, புத்தி கெட்டுப்போச்சா?"

"அவனுக்கு வைக்கல," என்றார் மாமனார். அவர் குரல் எழும்பவே இல்லை. "ரைபிளுக்குத்தான் வச்சேன். பாரு, அவன் விரல்லகூடப் படல. இந்தக் குளிருக்கு அது ஒழுங்கா வேலை பாக்கணும்லா."

நான் அப்போது கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "மாமா, நெசமாச் சொல்லுங்க. அது நல்ல ரைபிளா, இல்லையா?"

அவர் தீக்குச்சியை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியாது தாயி. நான் அதைத் தொட்டுக்கூடப் பாத்ததில்ல. நான் பட்டாளத்தை விட்டு வந்தப்புறம்லா அது வந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதம் அந்த வீட்டில் நான் கேட்ட வசவும் புகழ்ச்சியும் ஒரு போட்டோவையும் மகன் சொன்னதையும் வைத்து வந்தவைதான். அவருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அத்தை போட்டோ முன்னால் உட்கார்ந்தார். இடது உள்ளங்கையால் மகன் முகத்தையும் நெஞ்சையும் மூடிக்கொண்டார். வலது மோதிரவிரலால், சந்தனத்துக்கு மேலே ஒரு துளி குங்குமம் வைத்தார். மகன்மேல் ஒரு தூள்கூட விழவில்லை என்று பார்த்த பிறகுதான் கையை எடுத்தார்.

தை மாதம் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்து, ஆனால் முழுசாக வந்தார். அலமாரியில் போட்டோவைப் பார்த்து, இது என்ன கறை என்று கேட்டார். நான் சொன்னேன். சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அந்த ரைபிள் என்னுது இல்லையே," என்றார்.

சாப்பிட உட்கார்ந்திருந்த மாமனார் நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டோ எடுக்கும்போது என்னுது உள்ள இருந்துச்சு. பக்கத்துல நின்ன பய கிட்ட வாங்கிப் பிடிச்சேன். நம்பரு வேற, அவனுதுல்லா அது."

கேலி பண்ணலாமா என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. மாமனாரின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"அந்தப் பிள்ளை எப்படி இருக்கான்?" என்று கேட்டார் அவர்.

"சொகமா இருக்கான்ப்பா. நாங்க ஒண்ணாத்தான் எறங்குனோம். நான் லீவு முடிஞ்சு போனாத்தான் அவனுக்கு லீவு."

மாமனார் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு புதுப் போட்டோ வந்தது. இது என் சொந்த ரைபிள் என்று பின்னால் எழுதியிருந்தார். மாமனார் பழையதை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் புதியதை அரிவாள் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அத்தை உள்ளே போய்ப் பழையதைத் திரும்ப எடுத்து வந்தார்.

"ரெண்டுக்கும் வையுங்க," என்றார். "அந்தப் பிள்ளையும் அங்கனதான இருக்கான்."