நான் பூட்டிய அறை

என் எழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை, அதோடு இப்போதெல்லாம் முன்னே நடந்தது பின்னேயும் பின்னே நடந்தது முன்னேயும் ஞாபகம் வருகிறது, படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சுடுகாட்டு ஓரத்து நிலத்தில் எத்தனையோ வருஷம் தனியாகக் களை எடுத்திருக்கிறேன், ஒன்றும் என்னை ஏன் என்று கேட்டதில்லை.

எங்கள் ஊர் வடக்குப்பட்டு. சுற்றிலும் கம்பெனிகள் வர ஆரம்பித்த சமயம், என் வீட்டுக்காரர் போன பிறகு, பின்பக்கம் சிமெண்ட் ஷீட் போட்டு ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டேன். ஆறு பெண் பிள்ளைகள், எல்லாரும் தெற்குப் பக்கம், ஒரே கம்பெனி. மூன்று பேர் காலை ஷிப்டு, மூன்று பேர் நைட் ஷிப்டு. பாய் மூன்றுதான். ஒருத்தி எழுந்த பாயில் இன்னொருத்தி வந்து படுப்பாள், நம்ம பாய்க்குச் சூடு ஆறுறதே இல்லை என்று சிரிப்பார்கள்.

அதில் செல்வராணி என்ற பிள்ளை பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலைக்கு வந்தது. இடம் கேட்டு வந்த அன்றைக்குப் பையைக் கீழே வைக்காமலே பேசியது.

“பெரியம்மா, ஸ்ரீபெரும்புதூர்ல பத்து மாச அட்வான்ஸ் கேக்குறாக. சுங்குவார்சத்திரத்து லாட்ஜுல ராத்திரியானா கதவத் தட்டுறானுக. இங்கயும் இல்லைன்னா ஊருக்குத்தான் போகணும். போனா எங்க அக்கா வீட்டுக்காரர் என்னையும் கட்டிக்கிருவாரு.”

அக்காவை அடித்து அடித்து ஒரு காது கேட்காமல் செய்தவனாம். மாட்டேன் என்றதற்கு, எங்கே போனாலும் வந்து வெட்டுவேன் என்று அரிவாளைக் காட்டினானாம். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை, பையை வாங்கி உள்ளே வைத்தேன், அவ்வளவுதான்.

பகலில் எங்கள் தெருவில் ஆள் இருக்காது, எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். காலை ஷிப்டு பிள்ளைகள் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். நைட் ஷிப்டு முடிந்து ஏழு மணிக்கு வருகிறவர்கள் செருப்பைக்கூட உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு படுப்பார்கள். நான் குழாயடியிலிருந்து வந்ததும் கதவண்டை நின்று, “வந்துட்டீங்களாமா?” என்பேன். உள்ளேயிருந்து “உம்” என்று வரும். வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். பார்க்கிறவன் வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துப் போய்விடுவான். எழுந்ததும் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்கள், திறந்துவிடுவேன்.

அன்றைக்கும் கேட்டேன். “உம்” என்று வந்தது. பூட்டினேன். இதை நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்லுவேன்.

உச்சி வெயிலில் ஒருத்தன் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை.

“ஆத்தா, செல்வராணி இங்கிட்டுத்தான இருக்கு? அவுக அம்மாவுக்கு ரொம்ப முடியல. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

ஆம்பிளை முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தெரியாது எனக்கு. அம்மாவுக்கு முடியவில்லை என்றதும், “நைட் ஷிப்டு, உள்ள தூங்கிக்கினு கீதுப்பா” என்று கையைக் காட்டிவிட்டேன். அந்தக் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலப் பின்னால் எத்தனையோ நாள் இருந்தது.

பூட்டைப் பார்த்தான். “சாவி?” என்றான். அப்போதுதான் பைக்கு வெளியே துண்டு சுற்றின அரிவாள் பிடி தெரிந்தது, இவன்தான் அந்த அக்கா வீட்டுக்காரன் என்று புரிந்தது.

“சாவி இல்லப்பா. நீ போயிட்டு சாயங்காலமா வா.”

“இடுப்புல என்ன கிழவி, தாலியா?”

சாவியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். ஒரே தள்ளு, துவைக்கிற கல்லில் என் மண்டை மோதிக் கண்ணில் ரத்தம் வழிந்தது. அரிவாளின் பின்புறத்தால் நாலு அடி அடித்துப் பூட்டை உடைத்தான், உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

மூன்று பிள்ளைகளை நானே பூட்டி வைத்து அவனிடம் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. தவழ்ந்து போய்க் கதவைக் கையால் குத்தினேன். உள்ளே தும்தும் என்று, ஈரத்துணியைக் கல்லில் அறைகிற மாதிரி அடி விழுகிற சத்தம். நம்புங்கள் நம்பாமல் போங்கள், கத்தினது பெண் குரல் இல்லை. “விடுங்கடி, விடுங்கடி” என்று அவன்தான் கத்தினான். பிறகு எலும்பு முறிகிற சத்தம். அது எனக்குத் தெரியும், எங்கள் மாடு கிணற்றில் விழுந்தபோது கேட்டிருக்கிறேன்.

தாழ் திறந்தது. அவன் தவழ்ந்து வந்தான். ஒரு கை தோளிலிருந்து தொங்கியது, காது பாதி கிழிந்திருந்தது, முன்கை முழுக்கப் பல் தடம். “எத்தன பேருடி உள்ள இருக்கீக” என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு அப்படியே விழுந்தான்.

நான் உள்ளே போனேன். யாரும் இல்லை. ஒரே கதவு, ஜன்னலுக்குக் கம்பி. சுவரில் ரத்தம், அரிவாள் மூலையில் கிடந்தது. மூன்று பாயும் விரித்தபடி, ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல். தொட்டுப் பார்த்தேன். ஆள் எழுந்து போன சூடு. வெயில் என்று சொல்லுவீர்கள், பக்கத்துத் தரையையும் தொட்டேன், தரை சில்லென்றுதான் இருந்தது.

மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் வந்தது. ஆறு பேரும் ஒன்றாக இறங்கினார்கள். செல்வராணி ஓடி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டது.

“பெரியம்மா, லைன்ல ஆளு இல்லைன்னு எங்க மூணு பேரையும் ஓ.டி.யில நிறுத்திட்டாக. நாங்க காலைல வீட்டுக்கே வரல.”

அவனை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து போலீஸ் கொண்டுபோனது. மூன்று பெண்கள் அடித்தார்கள் என்றே கடைசிவரை சொன்னானாம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைத் தேடி யாரும் வரவில்லை. மூன்று வருஷம் என் வீட்டிலேயே இருந்து சம்பாதித்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு போனது.

இப்போது அந்த அறையில் விறகுதான் கிடக்கிறது. ஆனாலும் பூட்டுகிறபோது “வந்துட்டீங்களாமா?” என்று வாய் தானாகக் கேட்டுவிடுகிறது. அனேகமாகப் பதில் வராது.

தேதி, கிழமை எதுவும் எனக்கு நினைவில்லை. அந்த ஆறு பேரில் யாராவது இதைப் படித்தால் நான் எழுதினது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, அன்று காலையில் யாராவது ஒருத்தி நடுவில் வீட்டுக்கு வந்து போனீர்களா, கம்பெனியில் கார்டு தேய்த்த கணக்கு இன்னும் இருந்தால் அதையும் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள்.