ஆள் அதிகம் என்ற பக்கம்

தெருத் தெருவாகப் போய்க் குடிநீர்க் குழாயின் வால்வைத் திறந்து மூடுவதுதான் அவருக்கு வேலை. தோளில் நீளச் சாவியோடு தெருமுனையில் தலைகாட்டினால் போதும், வாளிகள் வரிசைக்கு வந்துவிடும். வெளியே அவர் வால்வுக்காரர். அலுவலகத்தில் மட்டும் பேச்சாளர். இரண்டாவது பெயர்தான் அவருக்கு இனித்தது. வாய் சும்மா இருக்காத மனிதர். தொட்டி அதே தொட்டி, வருகிற தண்ணீர் அதே தண்ணீர், வரிசை மட்டும் வருஷா வருஷம் நீண்டுகொண்டே போகிறது என்பது அவருடைய ஓயாத புலம்பல். "ஆள் அதிகமாயிட்டோம் சார். பூமி என்ன ரப்பரா, இழுத்தா நீள்றதுக்கு?" என்பார். அதில் பொய்யும் இல்லை. தினமும் வால்வைத் திருப்புகிற கைக்குத் தெரியாதா என்ன?

குழாய் முடிகிற கடைசித் தெருவில் அவருடைய தங்கை குடியிருந்தாள். ஒரே அறை. அங்கே தண்ணீர் வருவதே பெரும்பாடு. அவளுக்கு நான்கு பிள்ளைகள். இவர்கள் இருவருக்கும் மூத்த அண்ணனும் அண்ணியும் ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தபோது, அந்த வீட்டுப் பெண்ணும் பையனும் திக்கற்று நின்றார்கள். வால்வுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வீட்டில் இரண்டே அறைகள், மகனுக்குப் பரீட்சை வருஷம் என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் தங்கை அந்த இரண்டு பிள்ளைகளின் பைகளையும் தூக்கிக்கொண்டு நடந்தாள். அப்புறமும் ஒரு நாள்கூடக் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவருக்கு மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

இந்த வருஷம் ஊழியர் சங்க விழாவில் ஒரு விவாதம் வைத்தார்கள். உலகத்தில் தட்டுப்பாடு வருவது ஆள் அதிகமானதாலா, பங்கு போடத் தெரியாததாலா என்று தலைப்பு. ஆள் அதிகம் என்ற பக்கத்துக்கு வால்வுக்காரரை விட்டால் வேறு யார்? துணி தேய்த்து வைத்தார், கண்ணாடி முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். "பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாம்மா, அண்ணன் பேசுறத நீ கேட்டதே இல்லையே" என்று தங்கையை அழைத்ததும் அவரேதான்.

எதிர்ப்பக்கம் கணக்குப் பிரிவு அம்மாள். குரலை உயர்த்தாமல் பேசினார். "மேட்டுத் தெருவுல ஒரு பங்களா. ரெண்டே பேர். அவங்க நீச்சல் குளத்துக்குப் போற தண்ணில கடைசித் தெரு முழுக்கக் குளிக்கலாம். இப்ப சொல்லுங்க, இதுல யார் அதிகம்?"

கைதட்டல் அடங்கவே இல்லை. அந்தப் பங்களாவுக்கு வால்வைத் திறந்துவிடுகிறவரே வால்வுக்காரர்தானே! பதில் இல்லாத இடத்தில் ஜோக் அடிப்பது அவருக்குக் கைவந்த கலை.

"குளத்த விடுங்க. கடைசித் தெருவுக்கு வாங்க. அங்க ஒரு வீடு. ஒரே ரூமு, ஆறு பிள்ளைங்க. ஆறாவது பிள்ள குளிச்சிட்டு வர்றதுக்குள்ள முதல் பிள்ளைக்கு மறுபடி அழுக்கு ஏறிடும்! அந்தம்மாவுக்கே பேரெல்லாம் மறந்துபோச்சு, நம்பர் சொல்லித்தான் சோத்துக்குக் கூப்பிடுது! இந்த வீட்டுக்கு நான் வால்வத் திறக்கவா, அணையத் திறக்கவா?"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு தலைக்கேறி, அவர் இன்னும் ரெண்டு போட்டார். அப்போதுதான் கடைசித் தெருக்காரர்கள் சிலர் சிரித்துக்கொண்டே ஒரே பக்கம் திரும்புவதைப் பார்த்தார். அவரும் அந்தப் பக்கம் திரும்பினார். தங்கை பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மானம் போகக் கூடாதென்று சிரிக்கிற சிரிப்பு அது.

வெற்றி அவருக்கே என்று அறிவித்தார்கள். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவி கேட்டாள்:

"ஏங்க, ஆறுன்னு சொன்னீங்களே, அந்த ரெண்டையும் சேர்த்துத்தானே எண்ணுனீங்க?"

"பேச்சுக்குச் சொன்னேன்டி."

"நாலுன்னு சொல்லியிருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க, இல்ல?"

அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதன்பிறகு கடைசித் தெரு வால்வைத் திறந்த கையோடு, வரிசைப் பக்கம் பார்க்காமலே கிளம்பிவிடுவார். கூட வேலை பார்ப்பவர்கள் அந்த ஜோக்கை இன்னொரு தடவை சொல்லச் சொன்னால், தொண்டை கட்டியிருக்கிறது என்பார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனார். நான்கு திட்டு திட்டட்டும், வாங்கிக்கொண்டு வரலாம் என்ற நினைப்பு.

தங்கை திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.

"அண்ணே, நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. இவகிட்ட கொஞ்சம் சொல்லுங்க. அன்னைக்கிலேர்ந்து அரை வாளித் தண்ணிலதான் குளிக்கிறா. சோறும் ரெண்டாம் தடவ போட்டா வேணாங்கிறா. தம்பியையும் அப்படியே பழக்குறா. நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறா."

அண்ணன் மகள் சுவரோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சித்தப்பா அன்னைக்கு விளையாட்டுக்குச் சொன்னேன்மா. அதெல்லாம் நிஜமில்ல."

"நிஜந்தானே சித்தப்பா. நாங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு முன்னாடி நாலு பேருக்கும் தண்ணி போதுமாத்தான் இருந்துச்சாம்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. சின்னக் குத்தல்கூட இல்லை. அவர் சொன்னதை அவள் அப்படியே நம்பியிருந்தாள். கூனிக் குறுகிப்போன வால்வுக்காரர், மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நகர்ந்து வந்தாள்.

"சித்தப்பா, எங்க ஸ்கூல்லயும் பேச்சுப் போட்டி வச்சிருக்காங்க. கிட்டத்தட்ட இதே தலைப்புதான். ஆள் அதிகம்ங்கிற பக்கத்துக்கு நான் பேர் கொடுத்திருக்கேன். எழுதித் தர்றீங்களா?"

தங்கை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த ஆறு பிள்ளைங்க ஜோக்கையும் அப்படியே எழுதிடுங்க சித்தப்பா" என்றாள் அவள் ஆசையாக. "அதுக்குத்தான் எல்லாரும் நல்லா சிரிச்சாங்க."