பத்து நாள் பொறுத்த சவரக்கத்தி

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வாப்பா இடுப்பில் செருகிக் கொண்டுவந்த மடக்குச் சவரக்கத்தி அது. அவருக்குப் பிறகு பிடி வெடித்து, அலகில் துரு ஏறி அலுமாரியில் கிடந்தது. அது இன்னொருக்கா சவரம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானாகப் பலி கொடுத்த மாட்டின் கொம்பை அறுத்து, அரத்தால் ராவி, புதுப் பிடி பூட்டினேன். அலகைத் தேய்த்துத் தீட்டி முடிக்கப் பொழுது சாய்ந்து மஃரிப் ஆகிவிட்டது. வீட்டிலேயே தொழுதுவிட்டு, தாடிக்கு மேலே கன்னத்தில் சவர்க்காரம் பூசினேன்.

மனைவி ஓடி வந்தா. "என்ன செய்றீங்க? ஹஜ்ஜுப் பிறை கண்டாச்சுன்னு பள்ளியில இப்பதானே சொன்னாங்க! குர்பான் கொடுக்க நிய்யத்து வச்ச ஆள் முடி வெட்டலாமா?"

"கத்தி எப்படின்னு பாக்கத்தான்..."

"பத்து நாளைக்குள்ள கத்தி ஓடிராது. மூஞ்சக் கழுவுங்க."

கழுவினேன். குர்பான் கொடுப்பவர் பிறை கண்டதிலிருந்து அறுத்து முடியும் வரை முடியோ நகமோ வெட்டுவதில்லையே. தினமும் கத்தியை விரித்துப் பார்த்துவிட்டு மடக்கி வைத்தேன்.

பெருநாளன்று குர்பான் முடிந்ததும் வழித்தேன். ஒரு கீறல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மனைவி கன்னத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தா.

"உங்க வாப்பா இருந்தா, இந்நேரம் கத்தியப் புடுங்கிட்டுப் போயிருப்பாரு."