ஆளேற்றிப் பார்ப்பவர்

சக்கரக் கடைக்காரர், வணக்கம் சொன்னவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய வேனுக்கு அடியில் தலையை நுழைத்துவிடுகிறார். டார்ச்சைப் பல்லில் கடித்தபடி, சக்கரத்தின் உட்புறம் பொறித்த எண்ணைத் தேடுகிறார். அது கிடைத்த பிறகுதான், "வாங்க, உக்காருங்க."

அந்த எண் ஆஃப்செட். சக்கரத்தின் அகலத்துக்கு ஒரு நடுக்கோடு போட்டால், வண்டியோடு சேர்த்து முடுக்குகிற முகம் அதிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. எண் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும். கூடினால் உள்ளே போய் இடிக்கும். சக்கரக் கடை வைத்த இருபத்திரண்டு வருடத்தில் இதை அவர் சொல்லாத ஆளில்லை. காது கொடுத்த ஆளும் அதிகமில்லை. தெருவில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

புதுச் சக்கரம் மாட்டியதும் வேனில் ஆளேற்றிப் பார்ப்பார். பக்கத்துக் கடைகளுக்கு அது பெரிய தொல்லை. தையல்காரர், முடிவெட்டுகிறவர், அவரிடம் பாதி வெட்டிக்கொண்டவர், எல்லோரும் ஏற வேண்டும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கச் சொல்லிவிட்டு டயர் எங்காவது உரசுகிறதா என்று இவர் தரையில் படுத்துக் காதைத் தீட்டிக்கொள்வார். "குதிங்கய்யா! உங்க அப்பன் வீட்டு வண்டியா, இப்படி யோசிக்கிறீங்க?"

போன வாரம் மனைவியின் தம்பி வந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன் அவனுடையது. பளபளவென்று நாலு சக்கரம் எங்கோ வாங்கி, தானே மாட்டியிருந்தான்.

"எப்படி மாமா, நம்ம வண்டி?"

இவர் அதற்குள் அடியில் இருந்தார். குரல் மட்டும் வந்தது.

"இருபது. உனக்கு அம்பது வேணும் மாப்ள. முப்பது மில்லி வெளிய நிக்குது. அதோட இது கார் சக்கரம், வேன் பாரத்தைத் தாங்காது."

"அஞ்சு போல்ட் ஓட்டையும் கச்சிதமா சேருது மாமா!"

"சாவி உள்ள போனா போதுமா? பூட்டு திறக்க வேணாமா?"

பதினோரு பேரை ஏற்றினார். ஒடித்ததும் டயர் மட்கார்டில் கரகரவென்று தேய்ந்தது. தையல்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "எனக்கே கேக்குது தம்பி" என்றார். அவருக்குக் காது மந்தம்.

"சின்னப் பசங்க, என்ன பாரம்? மெதுவா ஓட்டிக்கிறேன். நாளைக்குக் காலைல டிரிப் இருக்கு."

"பழைய சக்கரம்?"

"வீட்ல கிடக்கு. அதைப் போய் யாரு மாட்டுவா? இருங்க, அக்காகிட்டயே கேக்குறேன்."

"கேளு."

அவன் போனில் தன் வழக்கை விரிவாக எடுத்துரைத்தான். இவர் முன்சக்கரத்தின் அருகே குந்தி, வால்வுக்குள் காற்றைப் பிடித்து வைக்கும் சின்னப் பின்னைத் திருகி எடுத்தார். உஸ்ஸென்று காற்று இறங்கியது. அடுத்த சக்கரத்துக்குப் போனார். இறங்க மறந்து உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் வேனோடு சேர்ந்து மெல்லத் தாழ்ந்தார்கள்.

"மாமா! என்ன பண்றீங்க?" அவன் ஓடி வந்தான். போனுக்குள் அக்காவின் குரல் உயர்ந்துகொண்டிருந்தது. "இந்தாங்க, உங்ககிட்டதான் பேசணுமாம்."

நாலு பின்களையும் எண்ணிச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டிவிட்டு, போனுக்காகக் கையை நீட்டினார்.